பட்டுக்கு ஆவி கட்டும் விதம்



கையால் சாயமிட்ட பட்டு கடையில் தொங்கும்போது எல்லாம் ஒரே அழகுதான். வாடிக்கைக்காரர் வீட்டு வாளியில் நனையும்போதே அதன் தரம் தெரியும். சாயம் கரைந்து மற்ற உடுப்புகளில் ஏறிவிட்டால், அவர் சாயக்காரரைத் தேடிப் போகமாட்டார். விற்ற நம்மிடமே வருவார். ஆகையால் இவ்வேலையை நாமும் அறிந்திருப்பது அவசியம்.

தூரிகையால் தீட்டிய ஆசிட் சாயம், உலர்ந்ததும் பெரும்பாலும் இழையின் மேலேயே நிற்கிறது. நீராவியின் சூடும் ஈரமும் சேர்ந்துதான் அதை இழைக்குள் செலுத்துகின்றன. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அவ்விடத்தில் கறை பரவும். ஈரம் வேண்டும், நீர் படக்கூடாது: சூட்சுமம் இதுவே.

இடியப்பம் அவிக்கத் தெரிந்த வீட்டுக்கு இது புதிதல்ல. ஆழமான சட்டி, மூடி, உள்ளே ஒரு கம்பித் தட்டு போதும்.

1. அச்சில்லாத வெள்ளைத் தாளில், நன்கு உலர்ந்த துணியைச் சுருக்கமின்றிப் பரப்பி, இன்னொரு தாளால் மூடவும். துணியோடு துணி தொட்டால் வர்ணம் மாறிப் பதியும். பத்திரிகைத் தாளின் மை ஒட்டுமாகையால் அது ஆகாது.

2. தளர்வாகச் சுருட்டி, வட்டமாக வளைத்து, நூலால் கட்டவும்.

3. சட்டியில் 2 அங்குலம் தண்ணீர் கொதித்தபின், பொட்டலத்தைத் தட்டின்மேல், நீரும் சட்டியின் பக்கமும் படாமல் வைக்கவும்.

4. அதன்மேல் அலுமினியத் தாளைக் குடைபோல் கவிழ்க்கவும். மூடியின் கீழ்த் தடித்த துண்டை இட்டால் சொட்டும் நீரை அது உறிஞ்சும். துண்டின் ஓரங்களை அடுப்பில் படாதபடி மேலே மடித்துக் கட்டவும்.

5. ஒரு கழுத்துக்குட்டைக்குச் சுமார் 1 மணி நேரம் வேண்டும். சுருள் தடித்தால் கூடுதலாகும். நீர் வற்றாமல் கவனிக்கவும்.

ஆறியபின், தெளிந்த நீர் வரும்வரை குளிர்ந்த நீரில் அலசவும். அச்சட்டியில் மறுபடி சமைக்கலாகாது.

மெழுகிட்ட பாத்திக்குக்கு இம்முறை பொருந்தாது. ஆவியில் மெழுகு உருகிவிடும். அதனால்தான் மலேசியப் பட்டறைகளில் ரியாக்டிவ் சாயத்தின்மேல் சோடியம் சிலிகேட் பூசிச் சில மணி நேரம் வைத்து, அலசி, பிறகே மெழுகைக் கொதிநீரில் அகற்றுகிறார்கள்.

கொள்முதலின்போது கேளுங்கள்: ஆவி கட்டியதா? எவ்வளவு நேரம்? பிறகு ஈர வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். வர்ணம் ஒட்டினால், எவ்வளவு மலிவானாலும் அச்சரக்கு நமக்கு நஷ்டமே.