வாரம் ஒரு வீடியோ: கையிருப்பில் ஓடும் சேனல்

வீட்டில் செய்யும் பொருளை இன்டர்நெட் வழியாக விற்க வேண்டும் என்பதற்காகவே கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊறுகாய், மசாலாப் பொடி, டெரகோட்டா நகை, ஆரி வேலை செய்த பிளவுஸ் என்று பொருள் எதுவானாலும், முதலில் தொடங்குவது ஒரு யூட்யூப் சேனல். தொடங்கும் முறையை யாரும் சொல்லித் தந்துவிடுவார்கள். மூன்றாவது மாதத்தில் நின்றுபோகாமல் நடத்துவது எப்படி என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

விருதுநகரில் இருக்கும் என் பெரியம்மா மகள் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார் பொடி அரைத்து விற்கிறார். 2020 ஊரடங்கில் அத்தானுக்கு வேலை போன பிறகு, மகளின் ஸ்கூல் ஃபீஸ் இந்தப் பொடியில்தான் கட்டப்படுகிறது. 2024 ஜனவரியில் சேனல் தொடங்கி 19 நாட்கள் தினமும் வீடியோ போட்டார். இருபதாம் நாள் முடியவில்லை. பிறகு இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை. ஆர்டரும் குறைந்தது. மாதாமாதம் 2 கிலோ வாங்கிய ஒரு வாடிக்கையாளர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். போன் செய்து கேட்டதற்கு, "வீடியோவே வரலியேம்மா, நிறுத்திட்டீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாராம்.

இடைவெளி விட்டால் யூட்யூப் நம் சேனலைத் தண்டிக்கும் என்று பலர் பயமுறுத்துவார்கள். அப்படிச் செய்வதில்லை என்றுதான் யூட்யூப் தரப்பில் சொல்லிவருகிறார்கள். கவலைப்பட வேண்டியது வாடிக்கையாளரைப் பற்றி. பூட்டிய கடைக்கு யாரும் இரண்டு முறை வந்து பார்க்க மாட்டார்கள்.

விளம்பர வருமானத்தையும் எதிர்பார்ப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் (அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸ் வீடியோக்களுக்கு 1 கோடி பார்வைகள்). 'கடந்த 12 மாதங்களில்' என்பதைக் கவனியுங்கள். ஜனவரியில் ஓடி ஓடிச் சேர்த்த மணி நேரம், அடுத்த ஜனவரியில் கணக்கிலிருந்து கழன்றுவிடும். வருமானம் வரத் தொடங்கிய பிறகும், ஆறு மாதம் எதுவுமே போடாமல் இருந்தால் அதை நிறுத்திவைக்கும் உரிமை யூட்யூப்புக்கு உண்டு.

"தினமும் போட்டாத்தான் வளரும்னு எல்லாரும் சொல்றாங்களே தம்பி" என்றார் அக்கா. "தீபாவளிக்கு முந்தின வாரம் உங்களால எத்தனை வீடியோ எடுக்க முடியும்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒண்ணு எடுத்தா பெரிசு" என்றார். அந்த ஒன்றுதான் உங்கள் வேகம். நல்ல வாரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் சேனல் நின்றுவிடும். மோசமான வாரத்தை வைத்துப் போடுங்கள். நல்ல வாரத்தில் மூன்று எடுக்க முடிந்தால் எடுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் வெளியிட்டுவிட்டு, மீதி இரண்டைக் கம்ப்யூட்டரில் வையுங்கள். நீங்கள் படிக்கும் இந்தப் பத்திரிகையும் மாதம் தவறாமல் வருவது இப்படித்தான். அடுத்த இதழின் கட்டுரைகள் இப்போதே ஆசிரியர் கையில் இருக்கும்.

கையிருப்பு வைக்கும் முறை

டெஸ்க்டாப்பில் இடம் அடைக்காமல், டி டிரைவில் 'வீடியோ' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். (டி டிரைவ் இல்லாவிட்டால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் வைக்கலாம்.) செல்போனிலிருந்து காப்பி செய்யும்போது ஃபைலுக்கு எண்களாலான ஏதோ ஒரு பெயர் இருக்கும். ஃபைலைத் தேர்வு செய்து எஃப்2 கீயை அழுத்திப் பெயரை மாற்றுங்கள். 2026-03-12-இட்லிப்பொடி என்பதுபோல வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் எழுத வேண்டும். தேதியை முதலில் எழுதினால் எல்லா மாதத்து 12-ம் தேதி ஃபைல்களும் ஒன்றாகப் போய் நிற்கும். வருடத்தை முதலில் எழுதினால், பெயர் வரிசையே வெளியிடும் வரிசையாகிவிடும்.

அடுத்து எக்ஸெல். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் பயன்படுத்தலாம். ஏ1 செல்லில் தேதி, பி1-ல் தலைப்பு, சி1-ல் நிலை என்று எழுதுங்கள். ஏ2-ல் முதல் வியாழக்கிழமையின் தேதியை அடியுங்கள். ஏ3-ல் சம அடையாளம், ஏ2, கூட்டல் அடையாளம், 7 ஆகியவற்றை இடைவெளியின்றி ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் அடுத்த வியாழன் வந்து நிற்கும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். ஒரு வருட வியாழக்கிழமைகள் வரிசையாக வந்துவிடும். நிலை என்ற இடத்தில் 'எடுத்தாச்சு', 'ஏற்றியாச்சு' என்று குறித்துவந்தால் போதும்.

தலைப்புகள் எங்கிருந்து வரும்? வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளிலிருந்து. "பொடி எத்தனை நாள் கெடாம இருக்கும்?", "குழந்தைக்குக் காரம் இல்லாம கிடைக்குமா?" என்று கேட்பதெல்லாம் ஒவ்வொரு வீடியோ. அக்காவின் செல்போனில் இப்படி 40 கேள்விகளுக்கு மேல் தேறின.

இடமும் அமைப்பும் மாறாமல் இருப்பது நல்லது. புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனலைப் பார்த்திருப்பீர்கள். 2018-ல் தொடங்கி 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. அதே குழு, அதே வயல்வெளி, அதே பெரிய பாத்திரம். மாறுவது சமையல் மட்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்கும் வேலை குறைந்தாலே பாதிக் களைப்பு போய்விடும்.

கையிருப்பு வீடியோவில் விலை, தேதி, பண்டிகை ஆகியவற்றைப் பேசாதீர்கள். மிளகாய் விலை ஏறினால் அந்த வீடியோ வீணாகிவிடும். விலையை வீடியோவுக்குக் கீழே வரும் டிஸ்கிரிப்ஷனில் எழுதுங்கள். அதை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

தானாக வெளியாகும் ஏற்பாடு

கம்ப்யூட்டரில் பிரௌசரைத் திறந்து யூட்யூப் ஸ்டூடியோவுக்குச் செல்லுங்கள். கிரியேட் பட்டனில் கிளிக் செய்து, அப்லோட் வீடியோஸ் மூலம் ஃபைலை ஏற்றுங்கள். வீடியோ 15 நிமிடத்துக்கு மேல் போனால், முன்னதாகவே செல்போன் எண்ணைச் சரிபார்த்திருக்க வேண்டும். தலைப்பு முதலியவற்றை நிரப்பி நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போனால் கடைசியில் விசிபிலிட்டி பக்கம் வரும். அதில் பப்ளிக் என்பதைத் தொடாமல், கீழே உள்ள ஷெட்யூல் என்பதைத் தேர்வு செய்து தேதியும் நேரமும் கொடுங்கள். ஏ.எம்., பி.எம். கவனித்துப் போடுங்கள். அந்த நேரம் வரும்வரை வேறு யாருக்கும் வீடியோ தெரியாது. ஃபைல் யூட்யூப்பிடம் போய்விட்டதால், அன்று உங்கள் வீட்டில் கரன்ட் இல்லாவிட்டாலும் வெளியாகிவிடும்.

ஐந்து வீடியோ சேர்ந்த பிறகே முதல் வீடியோவை விடுமாறு அக்காவிடம் சொல்லியிருந்தேன். 2024 ஜூனில் மறுபடி தொடங்கினார். அக்டோபரில் காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்துவிட்டார். மூன்று வியாழனும் வீடியோ வந்தது, ஆர்டரும் வந்தது. மகளும் அத்தானும் இருப்பில் இருந்த பொடியை பேக் செய்து அனுப்பினார்கள். வாட்ஸ்அப் பிசினஸில் உள்ள அவே மெசேஜ் வசதியில், 'பார்சல் அனுப்ப 4 நாட்கள் ஆகும்' என்று போட்டு வைத்திருந்தோம்.

எழுந்து உட்கார்ந்ததும் அவர் முதலில் பார்த்தது எக்ஸெல் ஷீட்டை. இரண்டு வீடியோதான் மீதி இருந்தன. கையிருப்பு இரண்டாகக் குறைந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை கேமராவை எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அந்த ஞாயிறு தொண்டை சரியில்லாததால் மகளைப் பேசவிட்டு எடுத்தார்.