கம்பும் காலடியும் சேரும் இடம்

அன்புள்ள தம்பிக்கு,

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் கதாபாத்திர விளையாட்டுக்குச் சிலம்ப வீரன் ஒருவனை உருவாக்கிக்கொண்டிருக்கிறாய். அவனுக்கு இருபது திறன்கள் எழுதிவிட்டாய். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வீச்சு வீச்சாக நிற்கிறது, தடுப்பு தடுப்பாக நிற்கிறது. ஒன்று நடந்ததால் இன்னொன்றுக்கு எதுவும் ஆகவில்லை. ஒரு திறன் விட்டுச்செல்லும் நிலையை அடுத்த திறன் பிடித்துக்கொள்ளும்போதுதான் சண்டைக்காரன் உருவாகிறான். அப்படிப் பிடித்துக்கொள்ள அவன் எதையாவது விலையாகக் கொடுக்கவும் வேண்டும். பிணைப்பையும் விலையையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று பார். 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் சேர்ந்து எழுதிய ‘செயின்மெயில்’, பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அதாவது, ஒரு படை செய்த வேலையை ஓர் ஆள் தலையில் ஏற்றியதால் பிறந்தவன் இந்தச் சண்டைக்காரன். படை எப்படி ஜெயிக்கிறது என்பதற்கு உன் ஊர்ப்பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1781 ஜூனில் சிதம்பரம் கோயிலை அரணாக வைத்திருந்த ஹைதர் அலியின் காவல்படையை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தாக்கித் தோற்றார். ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டை அருகே ஹைதரின் பெரும்படை, கூட் கடலூர் போகும் வழியை மறித்தது. கூட் தன் படையை இரண்டு வரிசையாகப் பிரித்தார். முதல் வரிசை மணல்மேடுகளின் இடைவெளி வழியே சுற்றிப் போனது. இரண்டாம் வரிசை மேட்டைப் பிடித்துக்கொண்டு அதன் முதுகைக் காத்தது. கரையோரம் நின்ற கப்பலின் பீரங்கியும் கைகொடுத்தது. மேட்டைப் பிடித்தவர்கள் நகர முடியாது, நகர்ந்தவர்கள் மேட்டைப் பிடிக்க முடியாது. வெற்றி இந்தப் பிரிவினையில் இருந்தது. அந்தப் படையை ஒரே ஆளாகச் சுருக்கும்போது பலத்தை மட்டும் கொண்டுவந்து, இந்தப் பிணைப்பை விட்டுவிட்டால் மிஞ்சுவது அதிகமாக அடிக்கத் தெரிந்த ஒரு முரடன்தான்.

இந்தப் பிணைப்புக்கு உதாரணமாக, 2014இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பில் ஒரு ஜோடித் திறன்களை எடுத்துக்கொள்வோம்: ‘போலார்ம் மாஸ்டர்’, ‘சென்டினல்’. முதலாவது, உன் ஆயுதம் எட்டும் எல்லைக்குள் எதிரி கால் வைத்ததுமே அவனை ஓர் அடி அடிக்க அனுமதிக்கிறது. இரண்டாவது, அப்படிப்பட்ட அடி பட்டால் எதிரி அந்த முறை முழுக்க நகர முடியாமல் செய்கிறது. தனித்தனியே இரண்டும் சாதாரணம்தான். பத்தடி எட்டும் ஹால்பர்டைக் கையில் வைத்திருப்பவனிடம் இரண்டும் சேர்ந்தால், ஐந்தடி மட்டுமே எட்டும் வாளோடு ஓடிவருகிறவன் பத்தடி தூரத்திலேயே நின்றுபோவான். வாள் கையில் இருக்கும், எட்டாது. இதே ஜோடியைக் குவார்ட்டர்ஸ்டாஃப் என்கிற கம்போடு சேர்த்துப் பார். அந்தப் பதிப்பில் கம்பு எட்டும் தூரம் ஐந்தடிதான். எதிரி நிற்பது உன் பக்கத்திலேயே. அங்கிருந்து அவனும் உன்னை அடிக்கலாம். திறன்கள் மாறவில்லை, ஒரே ஓர் அளவு மாறியது, சண்டையே வேறாகிவிட்டது. ஆகவே சிலம்பக் கம்புக்கு நீ எட்டும் தூரமாகப் பத்தடி கொடுப்பதா ஐந்தடி கொடுப்பதா என்பது அலங்காரமாக முடிவு செய்யும் விஷயம் அல்ல. மற்ற எல்லாத் திறனின் விலையும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

இந்தப் பலம் விளையாட்டைக் கெடுக்காமல் இருப்பதற்குக் காரணம், இந்த அடிக்குச் செலவாகும் ‘ரியாக்‌ஷன்’. ஒரு சுற்றுக்கு அது ஒன்றுதான் உண்டு. முதல் எதிரியை நிறுத்தச் செலவழித்துவிட்டால் இரண்டாமவன் தாராளமாக உள்ளே வருவான். பகடை தவறினால் முதலாமவனே வந்துவிடுவான். விலை எழுதாத பிணைப்பு என்ன ஆகும் என்பதற்கு மூன்றாம் பதிப்பு பதில் சொல்லும். சுற்றி நிற்கும் ஒவ்வோர் எதிரிக்கும் ஓர் அடி தரும் ‘வேர்ல்விண்ட் அட்டாக்’, ஒருவன் விழுந்ததும் அடுத்தவனுக்கு இலவச அடி தரும் ‘கிரேட் கிளீவ்’ இரண்டும் அதில் இருந்தன. ஆட்டக்காரர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் தெரியுமா? ஒரு மூட்டை எலியைச் சண்டைக்களத்தில் கொட்டுவது. எலி ஒவ்வொன்றும் சாகும்போது பக்கத்தில் நிற்கும் பெரிய எதிரிக்கு ஓர் அடி கூடுதலாக விழும். 2003இல் வந்த 3.5 பதிப்பின் விதியில், வேர்ல்விண்ட் அடிக்கும்போது வேறெந்தத் திறன் தரும் கூடுதல் அடியும் கிடையாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இரண்டு திறனுமே நல்ல திறன்கள்தான். அவை சந்திக்கும் இடத்தை யோசித்துப் பார்க்காததுதான் கோளாறு.

அப்படியானால் எத்தனை சந்திப்பை ஒருவரால் யோசிக்க முடியும்? உன் இருபது திறன்களை இரண்டிரண்டாகச் சேர்த்தாலே 190 ஜோடி வருகிறது. இந்தக் கேள்விக்குச் சிதம்பரம் நடராசர் கோயிலின் கிழக்குக் கோபுர வாயிலில் ஒரு பதில் செதுக்கியிருக்கிறது. அந்த உட்சுவர்களில் கரணங்கள் எனப்படும் 108 நடன அசைவுகள், பலவற்றோடு நாட்டிய சாஸ்திரச் சுலோகமும் சேர்த்து. முதல் கரணமான தலபுஷ்பபுடத்தை நின்று பார். பூவை ஏந்துவதுபோலச் சேர்ந்த இரு கைகளும் இடப்பக்கம் வருகின்றன, விலா வளைகிறது, ஒரு பாதம் முன்விரலில் ஊன்றுகிறது. கையை மட்டும் வரைந்தால் அது கரணம் ஆகாது. கையும் காலும் ஒருசேர இயங்க வேண்டும் என்பதே இலக்கணம். இதைச் சண்டைக்கு இழுப்பது முறையா என்று சிலர் கேட்பார்கள், கேட்பது நியாயம். ஆனால் கரணங்கள் நிருத்தத்துக்கு மட்டுமல்ல, போருக்கும் மற்போருக்கும் உரியவை என்று அந்த நூலே சொல்கிறது. மேடையில் ஆயுதம் எய்வதற்கான கால் அசைவுகளையும் அதுதான் வகுக்கிறது. நமக்கு முக்கியமானது அதன் கணக்கு. 108 கரணங்களில் 5,778 ஜோடிகள் சாத்தியம். நூல் எடுத்துத் தொகுத்துத் தந்த அங்ககாரங்கள், அதாவது கரணத் தொடர்கள், 32. எல்லாம் எல்லாவற்றோடும் சேரட்டும் என்று விட்டுவிடவும் இல்லை, ஒன்றையும் தனித்து நிற்க விடவும் இல்லை. நீயும் அப்படியே செய். இருபதை எட்டாகக் குறை. 28 ஜோடிதான் வரும். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து யோசிக்க ஒரு மனிதனால் முடியும்.

இதெல்லாம் கணக்குப் பிள்ளைகளின் ஆட்டம், கதை செத்துவிடும் என்பார்கள். இந்த ஆட்சேபணையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு மணிக்கு ஆரம்பித்த சண்டை பத்து மணிவரை கூட்டல் கழித்தலில் போவது யாருக்கும் பிடிக்காது. ஆனால் கதையில் ஒருவனை யாரென்று காட்டுவது அவன் எதை விட்டுக்கொடுக்கிறான் என்பது. தன்னைக் காக்கும் தடுப்பை விட்டு, நண்பனை நெருங்குகிறவனை நிறுத்தக் கம்பை நீட்டுகிறான் என்றால், அங்கே ஒரு குணம் தெரிகிறது. விலை இல்லாத விதியில் இந்தக் காட்சி வரவே வராது, ஏனென்றால் இரண்டையும் அவன் செய்துவிடுவான். புதிதாக ஆட வருகிறவர்கள் திணறுவார்கள் என்பது இன்னொரு வாதம். அவர்களைத் திணறடிப்பது பிணைப்பு அல்ல, பட்டியல். இருபது தனித்தனி விதியை மனப்பாடம் செய்வதைவிட, ‘இதற்குப் பின் இது’ என்று தொடரும் எட்டு விதி நாக்கில் எளிதாக ஏறும். சிலம்பத்திலும் காலடி பழகிய பிறகுதானே வீச்சு?

இனி உன் வீரனுக்கு வருவோம். கம்புக்கு இரண்டு முனை. அகலமாக வீசினால் உடம்பின் எடை ஒரு பக்கம் சாய்கிறது, மறுபக்கம் திறக்கிறது. ஆனால் பின்முனை முன்னே வந்துவிடுகிறது. குத்தினால் எட்டும் தூரம் கூடுகிறது, கம்பு நீண்டு நிற்கும் அந்த நொடியில் தடுப்பு இல்லை. இதை அப்படியே விதியாக்கு. ஒவ்வொரு திறனின் கீழும் இரண்டே வரி: இதைச் செய்தபின் எந்த முனை முன்னே இருக்கிறது, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது. அடுத்த திறன் அந்த வரியைப் படித்துத்தான் தொடங்க வேண்டும். ‘கூடுதலாக இரண்டு சேதம்’ என்று நீ எழுதியிருக்கும் இடங்களை எல்லாம் அடித்துவிடலாம். அவை எதையும் திறப்பதில்லை, எதையும் மூடுவதில்லை.

பிறகு மூன்று ஆட்டம் ஆடிப் பார். முதலில் வாளோடு ஓர் எதிரி. அடுத்து, வெவ்வேறு பக்கத்திலிருந்து வரும் மூன்று பேர். கடைசியில் அறுபதடி தள்ளி நிற்கும் ஒரு வில்லாளி. அவனிடம் உன் வீரன் திண்டாடத்தான் வேண்டும், அதைச் சரிசெய்யப் போகாதே. ஒவ்வொரு சுற்றிலும் எந்தத் திறனை எடுத்தான், கையில் இருந்தும் எதை எடுக்காமல் விட்டான் என்று குறித்து எனக்கு அனுப்பு. எடுக்காமல் விட்டதன் பட்டியலைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
உன் அண்ணன்