உயரம் பாய்தல்: ஒரே உயரம், வெவ்வேறு பதக்கம்

உயரம் பாய்தலில் இருவர் ஒரே உயரத்தைத் தாண்டி நின்றால் முதலிடம் யாருக்கு? “இருவருக்கும்” என்று எழுதிப் புள்ளிகளை இழக்கும் மாணவர் பலர். விதியை வெறுமனே மனனம் செய்வதிலும் பார்க்க, அவ்விதியால் தங்கத்தைத் தவறவிட்ட ஒரு வீராங்கனையின் கதையோடு சேர்த்துக் கற்றால் அது மறக்காது.

யரோஸ்லாவா மகுச்சிக் 2001 செப்டெம்பர் 19இல் உக்ரேனின் டினிப்ரோ நகரில் பிறந்தவர். 2017இல் நைரோபியில் நடைபெற்ற 18 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 1.92 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 15. உங்களிற் பலருடைய வயதுதான்! 2018இல் இளையோர் ஒலிம்பிக் தங்கமும் கிடைத்தது. 2019 மே மாதம் டோஹாவில் 1.96 மீற்றர் பாய்ந்து, டயமண்ட் லீக் போட்டியொன்றில் வென்ற மிக இளையவரானார்.

அதே டோஹாவில் 2019 செப்டெம்பர் 30இல் உலக மெய்வல்லுநர் போட்டியின் இறுதிச்சுற்று நடைபெற்றது. அவர் 18 வயதை அடைந்து 11 நாட்களே ஆகியிருந்தன. எதிரே நின்றவர் ரஷ்யாவைச் சேர்ந்த மரியா லசிட்ஸ்கேனே. 2015, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகச் சம்பியன். இருவரும் 2.04 மீற்றரைத் தாண்டினர். மகுச்சிக்கின் பாய்ச்சல் 20 வயதுக்குட்பட்டோருக்கான புதிய உலக சாதனை. அடுத்த உயரத்தை இருவராலும் தாண்ட முடியவில்லை. ஆயினும் தங்கம் லசிட்ஸ்கேனேவுக்கே. ஏன்? அவர் 2.04 மீற்றர் வரை ஒரு தடவையேனும் கம்பத்தை வீழ்த்தவில்லை. மகுச்சிக்கோ தவறிய முயற்சிகளின் பின்னரே அவ்வுயரத்தைத் தாண்டினார்.

இனி விதியைப் பாருங்கள். சமநிலை ஏற்படின், முதலில் இறுதியாகத் தாண்டிய உயரத்தில் எவருக்குத் தவறுகள் குறைவு என நோக்கப்படும். அதுவும் சமனாயின், அவ்வுயரம் வரையிலான மொத்தத் தவறுகள் நோக்கப்படும். அப்போதும் முதலிடத்துக்குச் சமநிலை நீடித்தால் மேலதிகப் பாய்ச்சல் நடத்தலாம்; அல்லது முதலிடத்தைப் பகிரலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவர் இருவர் 2.37 மீற்றரில் தங்கத்தைப் பகிர்ந்தது இவ்வாறே. இந்த ஒழுங்கை மாற்றி எழுத வேண்டாம். மொத்தத் தவறுகளை முதலில் எண்ணுவதே மாணவர் அதிகம் விடும் பிழை.

2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. மகுச்சிக் டினிப்ரோவிலிருந்து காரில் மூன்று நாட்கள் பயணித்து பெல்கிரேட் நகரை அடைந்தார். மார்ச் 19இல் அங்கு உலக உள்ளரங்கப் போட்டியில் 2.02 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஒழுங்கான பயிற்சிக்கு இடமில்லாத வாரங்களின் பின் பெற்ற வெற்றி என்பதால், சாதனைப் பாய்ச்சல்களை விட இதையே பெரிதாக மதிக்கத் தோன்றுகிறது. அதே ஆண்டு யூஜீன் நகரில் நடந்த உலகப் போட்டியில் மீண்டும் அதே கதை: அவுஸ்திரேலியாவின் எலினோர் பற்றர்சனும் அவரும் 2.02 மீற்றர், தவறுகள் குறைந்த பற்றர்சனுக்குத் தங்கம், இவருக்கு வெள்ளி.

2024 ஜூலை 7இல் பாரிஸில் 2.10 மீற்றர் பாய்ந்து, 1987 முதல் நிலைத்திருந்த 2.09 மீற்றர் உலக சாதனையை முறியடித்தார். அடுத்த மாதம் அதே நகரில் ஒலிம்பிக் இறுதி. அவரும் அவுஸ்திரேலியாவின் நிக்கலா ஒலிஸ்லேகர்ஸும் 2.00 மீற்றர். இம்முறை தவறுகள் குறைந்தவர் மகுச்சிக், தங்கம் அவருக்கு.

பயிற்சி வினா: (○ தாண்டினார், × தவறினார்)

க: 1.50 ○, 1.55 ○, 1.60 ×○, 1.65 ×××
ச: 1.50 ○, 1.55 ××○, 1.60 ○, 1.65 ×××

முதலிடம் பெறுபவர் யார்? காரணம் தருக.