பள்ளிக் கட்டுரையிலிருந்து பல்கலைக்கழகக் கட்டுரைக்கு

“நீ என்ன சொல்ல வருகிறாய்?”

முதலாம் ஆண்டில் நான் ஒப்படைத்த முதல் இடுபணியின் ஓரத்தில் விரிவுரையாளர் எழுதியிருந்த கேள்வி இது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு கட்டுரை எழுதிப் பழகியவன் நான். முன்னுரை, நான்கு கருத்து, முடிவுரை, இடையே ஒரு பழமொழி. எஸ்.பி.எம். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. மலாய்மொழித் தாளின் ‘ரூமுசான்’ பகுதியிலும் பனுவலில் உள்ள கருத்துகளைப் பொறுக்கி எடுத்தால் புள்ளி கிடைத்தது. பல்கலைக்கழகத்திலும் அப்படியே நான்கு நூல்களிலிருந்து வரிகளைப் பொறுக்கி அடுக்கினேன். நூலாசிரியர் பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை. “இதற்குப் பெயர் கருத்துத் திருட்டு” என்று அவர் சொன்னபோது தலைகுனிந்து நின்றேன்.

அந்தத் தலைகுனிவு என் தம்பி தங்கைகளுக்கு வேண்டாம் என்றுதான் விடுமுறைகளில் எங்கள் குடியிருப்பில் ஐந்தாம் படிவ மாணவர்கள் சிலருக்கு வழிகாட்டி வருகிறேன். மூன்றே பயிற்சிகள்.

1. கேள்வியோடு வாசித்தல்: யார் சொல்கிறார்? என்ன சான்று? எதைச் சொல்லாமல் விட்டார்?

2. நூலை மூடிவிட்டு எழுதுதல்: புரிந்ததைச் சொந்த நடையில் எழுதி, எடுத்த நூலையும் பக்கத்தையும் உடனே குறித்தல்.

3. நிலைப்பாடு: தன் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டுக் கட்டுரையைத் தொடங்குதல்.

ஒருநாள் தோட்டத் துண்டாடல் பற்றிய பகுதியை வாசிக்கக் கொடுத்தேன். ‘1950, 1960ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்’ என்று ஒரு மாணவி சுருக்கினாள்.

“சரிதான். சங்கம் வாங்காத தோட்டங்களில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?” என்றேன்.

“இதில் அது இல்லையே, அண்ணா.”

“உன் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.”

மறுவாரம் தன் பாட்டியிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதி வந்தாள். பாட்டி சொன்னது எது, நூலில் உள்ளது எது என்று பிரித்துக் காட்டியிருந்தாள். சந்திப்பிழைகள் இருந்தன, பழமொழி இல்லை. ஆனால், அவள் என்ன சொல்ல வருகிறாள் என்பது முதல் வரியிலேயே தெரிந்தது.

பல்கலைக்கழக வாசலைத் தாண்டிய பிறகு நான் கற்றதை, அவள் வாசலுக்கு வரும் முன்பே கற்றுவிட்டாள். முன்னாள் மாணவர்களே, உடன் பயிலும் நண்பர்களே, இதற்குப் பெரிய பட்டறை தேவையில்லை. அடுத்த விடுமுறையில் ஒரு மாணவர், ஒரு பனுவல், ஒரு மணி நேரம் போதும்.