மண்புழுப் பாத்திக்கு வரும் வேண்டாத விருந்தாளிகள்



கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு ஊருக்குக் குழுக் கூட்டத்துக்காகப் போயிருந்தோம். கூட்டம் முடிந்ததும் ஒரு அக்கா எங்கள் கையைப் பிடித்துக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனார்.

"பாருங்க மேடம், ரெண்டு மாசமா புள்ளை மாதிரி பாத்தேன். ஒரே ராத்திரியில எல்லாம் போச்சு" என்றார். பாத்தியைக் கிளறினால் ஒரு புழுகூட உயிரோடு இல்லை. எறும்பு ஏறுதே என்று கடையில் எறும்புப் பொடி வாங்கிப் பாத்தி மேலேயே தூவியிருக்கிறார். எறும்பும் செத்தது, புழுவும் செத்தது. குழுவில் வாங்கிய கடனில் 2 தவணைதான் கட்டியிருக்கிறார்.

"இருக்கிற எருவையாவது சலிச்சு வித்துடட்டுமா?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்வதற்குள் குழுத் தலைவி, "வேணாம்மா, அது யாரோ ஒருத்தர் கத்தரித் தோட்டத்துக்குத்தானே போகும்?" என்றார். இந்த நஷ்டம் இன்னொரு சகோதரிக்கு வரக்கூடாது என்றுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

முதல் விதி: பாத்திக்கு விஷம் கூடாது

எறும்புப் பொடி, கொசு மருந்து, பூச்சி மருந்து எதுவும் பாத்தியிலோ பக்கத்திலோ கூடாது. மண்புழு தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அதனால் பூச்சியைக் கொல்லும் மருந்து புழுவையும் சுலபமாகக் கொன்றுவிடும்.

பாத்தியில் தெரியும் எல்லாமே எதிரியும் இல்லை. மரவட்டையும், தொட்டால் துள்ளும் சின்ன வெள்ளைப் பூச்சிகளும் குப்பையை மக்க வைக்க உதவுகின்றன. அவற்றை விட்டுவிடலாம்.

யார் வந்தால் என்ன செய்வது?

1. எறும்பு: எறும்பு வந்தால் பாத்தி காய்ந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரவேண்டும், ஒழுகக்கூடாது. பாத்தியைச் சுற்றிச் சின்ன வாய்க்கால் கட்டி நீர் நிறுத்தினால் எறும்பு தாண்டாது. அந்த நீரை வாரம் 2 முறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு வரும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு வகைக்கு 100 கிராம், கொஞ்சம் சோப்புத்தூள், இவற்றை 20 லிட்டர் நீரில் கரைத்துப் பாத்திக்கு வெளியே தரையில் மட்டும் தெளிக்கலாம். உள்ளே பட்டால் புழு சாகும்.

2. ஈயும் அதன் புழுவும்: பச்சைச் சாணமும், மூடாத காய்கறிக் கழிவும்தான் காரணம். சாணத்தையும் குப்பையையும் 15 முதல் 20 நாள் தனியே மக்கவிட்டு, சூடு ஆறிய பிறகு போடுங்கள். சமையல் கழிவு போட்டால் மேலே மக்கிய சாணம் போட்டு மூடுங்கள். துறைமுகப் பக்கம் இருப்பவர்கள் மீன் கழிவு போடவே கூடாது. நாயும் பூனையும் பாத்தியையே கலைத்துவிடும்.

3. பேன் போன்ற சிறு பூச்சிகள்: ஈரம் அதிகமாகி, தீனி புளித்துப்போனால் கூட்டமாக வரும். தண்ணீரைக் குறைத்து, மேலாகக் கிளறிக் காற்றோட்டம் கொடுங்கள். தர்பூசணித் தோலைக் கவிழ்த்து வைத்தால் ராத்திரியில் அதில் ஏறும். காலையில் எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

4. பூரான்: இது புழுவைத் தின்னும், நம்மையும் கடிக்கும். கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். பாத்தி ஓரத்தில் செங்கல், கட்டை அடுக்கி வைக்காதீர்கள்.

5. கோழி, மைனா, மூஞ்சூறு, எலி: தென்னங்கீற்றால் மூடி, மேலே கோழிவலை கட்டுங்கள். அடியில் சிமெண்ட் தளம் இருந்தால் எலியும் பெருச்சாளியும் தோண்ட முடியாது. எலி வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும்.

6. காண்டாமிருக வண்டின் புழு: வெள்ளையாகத் தடித்து, பழுப்புத் தலையோடு சுருண்டு கிடக்கும். இது மண்புழுவைத் தின்னாது. ஆனால் வண்டாகிப் பறந்தால் தென்னங்குருத்தைத் துளைக்கும். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தியில் நீர் நின்றால் புழு வெளியேறிவிடும். 2015 வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா? பாத்தியை மேட்டில் போட்டு, நீர் வடிய வழி விடுங்கள்.

சிப்காட் பக்கத்துச் சகோதரிகள் கவனத்துக்கு

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளியும் உண்டு. 2009ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசுபட்ட இடங்களின் பட்டியலில் கடலூரையும் சேர்த்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ரசாயனம் இருந்த பழைய டிரம்மில் புழு வளர்க்காதீர்கள். ஆலைக் கசடு, சாம்பல் எதையும் பாத்தியில் கலக்காதீர்கள். நிறமோ நெடியோ உள்ள போர் தண்ணீரும் வேண்டாம். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை மண்புழு அழிக்காது. அவை எருவிலும் புழு உடம்பிலும் தங்கி, கீரை வழியாக நம் வயிற்றுக்கே வரலாம்.

நல்ல புழுவும் பயிற்சியும் வேண்டுவோர் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

அந்த அக்கா என்ன ஆனார்?

விஷம் கலந்த எருவைக் கிணற்றுக்குத் தள்ளி, கோழி கிளறாத இடத்தில் ஆழமாகப் புதைத்தார். குழுவில் பேசி 2 மாதம் தவணையைத் தள்ளி வைத்தார்கள். 4 சகோதரிகள் ஆளுக்கு அரை கிலோ புழு கொடுத்தார்கள். வேறு இடத்தில் புதுப் பாத்தி போட்டாகிவிட்டது. சுற்றிலும் நீர் வாய்க்கால், மேலே வலை. "இப்ப எறும்பைப் பாத்தா பயமில்ல மேடம், தண்ணிக் குடத்தைத்தான் தேடுறேன்" என்கிறார்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்:
• நம் குழுவில் யார் பாத்தியில் என்ன தொல்லை?
• எரு விற்கும் முன் ஒருவர் பாத்தியை இன்னொருவர் பார்ப்பது என்று முடிவு செய்யலாமா?
• ஒருவருக்கு நஷ்டம் வந்தால் குழு எப்படிக் கைகொடுக்கும்?