மண்டிச் சீட்டுக்கு எந்த டேட்டாபேஸ்?

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் எந்தக் கமிஷன் மண்டியிலும் கணக்கு இரண்டு உருவில் இருக்கும்: சீட்டு, பேரேடு. கள்ளிமந்தயத்துக்காரர் முருங்கை இறக்கினால் சீட்டில் கிலோவும் விலையும். அம்பிளிக்கைக்காரர் தக்காளி கொண்டுவந்தால் பெட்டிக் கணக்கு. கேரளாவுக்கு ஏற்றினால் லாரி நம்பர், வாடகை. ஒரு சீட்டைப் போல இன்னொன்று இருக்காது. பேரேட்டில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கட்டம்தான்: பற்று, வரவு, பாக்கி.

டாக்குமென்ட் (ஆவண) டேட்டாபேஸ் என்பது சீட்டுக்கட்டு; மாங்கோடிபியும் கவுச்டிபியும் இந்த வகை. டேபிள் போட்டு வைக்கும் டேட்டாபேஸ் பேரேடு; போஸ்ட்கிரெஸ் இந்த வகை. மண்டிக்கு மென்பொருள் எழுத வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் "மாங்கோடிபிதான் சார் வேகம்" என்று ஆரம்பிக்கிறார்கள். வேகம் கடைசியில் பார்க்க வேண்டிய சங்கதி.

முதலில் பழைய சீட்டு பத்தை மேஜையில் பரப்புங்கள். சேர்த்துப் படிப்பதெல்லாம் ஒரே ஆவணத்தில் இருக்கட்டும். அன்றைய விலையைச் சீட்டுக்குள்ளேயே எழுதுங்கள். நாளை விலை ஏறினாலும் நேற்றைய சீட்டு மாறக் கூடாது. விவசாயியின் போன் நம்பரும் வங்கிக் கணக்கும் தனி ஆவணம். ஒருவருடைய எல்லாச் சீட்டையும் ஒரே ஆவணத்துக்குள் அடுக்கிக்கொண்டே போகாதீர்கள்: மாங்கோடிபியில் ஒரு ஆவணம் 16 எம்பியைத் தாண்ட முடியாது. பத்தில் எட்டுச் சீட்டு ஒரே அச்சாக இருந்தால் உங்களுக்குத் தேவை பேரேடுதான். மீதி இரண்டுக்கு, உருவம் மாறும் சீட்டை அப்படியே வைக்க, போஸ்ட்கிரெஸ்ஸில் ஜேசன்பி என்றொரு வகை இருக்கிறது; 2014 டிசம்பரில் வந்த 9.4 பதிப்பிலிருந்தே உண்டு.

அடுத்தது பத்திரம். இதற்கு ஒரே சோதனை போதும். 1 முதல் வரிசையாக எண் போட்டுச் சீட்டு எழுதும் சின்ன புரோகிராம் ஒன்றை ஓடவிடுங்கள். "எழுதிவிட்டேன்" என்று டேட்டாபேஸ் சொன்ன எண்ணை மட்டும் வேறொரு கம்ப்யூட்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள். பாதியில் சர்வரின் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்ப ஏற்றியதும் குறித்து வைத்த கடைசி எண் உள்ளே இருக்கிறதா? போஸ்ட்கிரெஸ் வழக்கமான அமைப்பில் டிஸ்க்கில் பதிந்த பிறகுதான் பதில் சொல்லும். மாங்கோடிபி தன் ஜர்னலை (எழுதுவதை முதலில் குறித்து வைக்கும் பதிவை) ஏறக்குறைய 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை டிஸ்க்குக்குத் தள்ளுகிறது. ஒற்றை சர்வராக ஓட்டினால் ஜர்னலில் பதிந்த பிறகே பதில் வேண்டும் என்று நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். சீட்டும் பாக்கியும் சேர்ந்தே மாற வேண்டுமென்றால் டிரான்சாக்ஷன் வேண்டும். மாங்கோடிபிக்கு அது 2018-ல் 4.0 பதிப்போடு வந்தது. அதற்கும் ரெப்ளிகா செட்டாக, அதாவது ஒரே தரவை நகலெடுத்து வைக்கும் சர்வர் கூட்டமாக, ஓட வேண்டும்.

வாசலையும் பாருங்கள். 2017 தொடக்கத்தில் பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரம் மாங்கோடிபி சர்வர்களைத் துடைத்துவிட்டு, பிட்காயின் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று ஹேக்கர்கள் எழுதி வைத்துப் போனார்கள். அந்த வருஷக் கடைசியில் வந்த 3.6 முதல், நிறுவியதும் அது சொந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் பதில் சொல்லும். வீட்டிலிருந்து பார்க்க வசதி என்று அதை நாமே திறந்துவிடுகிறோம். பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் மாவட்டத்தில் இது கொஞ்சம் அதிகம்.

மார்க்கெட்டில் நெட் போய்ப் போய் வந்தால் கவுச்டிபியைப் பாருங்கள். போனிலோ பிரவுசரிலோ அதன் ஜோடியான பவுச்டிபி சீட்டை எழுதி வைத்துக்கொண்டு, நெட் வந்ததும் சர்வரோடு ஒத்துக்கொள்ளும். ஆனால் ஒரே சீட்டை இரண்டு பேர் திருத்தினால் ஒன்றை ஜெயிக்கவைத்து மற்றதை மோதல் என்று ஓரமாக வைக்கும். கவனிக்காமல் விட்டால் காசு இடிக்கும். நம் கணக்குப்பிள்ளைகள் செய்வதையே செய்யுங்கள்: பழைய சீட்டை அழிக்காமல் திருத்தச் சீட்டு ஒன்று போடுங்கள். சீட்டு எண்ணுக்கு முன்னால் கவுண்டரின் எழுத்தைச் சேருங்கள். இல்லாவிட்டால் இரண்டு போனும் 412 போடும். இங்கிருந்து அங்கே ஒத்துக்கொள்வதை பேக்கப் என்று நினைக்க வேண்டாம். இங்கே அழித்தது அங்கேயும் அழியும்.

தமிழில் தேடுவதை யாரும் சோதிப்பதில்லை. "கொத்தவரை"யின் முதல் எழுத்தில் உள்ள கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு இரண்டு காய். உள்ளே போகும்போதே என்எஃப்சி வடிவுக்கு மாற்றுங்கள். வேற்றுமை உருபை வெட்டித் தேட போஸ்ட்கிரெஸ் 12 முதல் தமிழ் அகராதி சேர்ந்தே வருகிறது. மாங்கோடிபியின் டெக்ஸ்ட் இண்டெக்ஸ் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை.

இப்போது வேகம். நாளுக்கு 300 சீட்டு, வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 90,000. பத்து வருஷத்துக்கு 9 லட்சம். மூன்றில் எதற்கும் இது பாரமே இல்லை. அந்த 9 லட்சத்தைப் போலியாக ஏற்றி, தினமும் கேட்கிற கேள்விகளைக் கேளுங்கள்: இன்றைய வரத்து, இவருடைய பாக்கி, இந்த லாரியின் சரக்கு. இழுத்தால், டேட்டாபேஸ் எப்படித் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் போடுங்கள். கட்டு முழுவதையும் புரட்டுகிறது என்று தெரிந்தால், தேவை இண்டெக்ஸ்தான். டேட்டாபேஸை மாற்ற வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், ஒரு மண்டி, ஒரு கம்ப்யூட்டர் என்றால் போஸ்ட்கிரெஸ். நெட் நிலையில்லாமல் பல போனில் சீட்டு போட்டால் கவுச்டிபி. சீட்டின் உருவம் மாதாமாதம் மாறி, மூன்று சர்வர் வைத்துப் பராமரிக்க ஆளும் இருந்தால் மாங்கோடிபி. எதை எடுத்தாலும், முதல் மாதம் கார்பன் வைத்த சீட்டுப் புத்தகத்தையும் கூடவே எழுதி வாருங்கள்.