கோதுமைக் கப்பலும் வெளியுறவுக் கொள்கையும்

கேள்வி: பண உதவி கொடுத்தும் தூதர்களை அனுப்பியும் ஒரு நாட்டின் கொள்கையை இன்னொரு நாடு மாற்றிவிட முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். நாமே அதை அனுபவித்திருக்கிறோம். 1965லும் 66லும் மழை பொய்த்தபோது, பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் வந்த கோதுமைதான் நம் ரேஷன் கடைகளைத் தாங்கியது. அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தம் போட மறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகவே தானியத்தை விடுவித்தார். விவசாயத்தைச் சீர்திருத்த வேண்டும் என்பது நிபந்தனை. 1965 நவம்பரில் ரோம் நகரில் நம் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமேனும் உடன்பாடு கண்டார்கள். புதிய விதை, உரம், கட்டுபடியாகும் விலை ஆகியவற்றை சுப்பிரமணியம் முன்பே விரும்பியவர். அதனால்தான் அந்த அழுத்தம் பலித்தது என்பது என் கணிப்பு.

ரூபாய் விஷயம் அப்படியல்ல. உலக வங்கியும் அமெரிக்காவும் வற்புறுத்த, 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆனது. எதிர்பார்த்த உதவியோ முழுமையாக வரவில்லை. அடுத்த மாதமே பிரதமர் இந்திரா காந்தி மாஸ்கோ சென்று, வியட்நாமில் அமெரிக்கக் குண்டுவீச்சை நிறுத்தச் சொன்ன கூட்டறிக்கையில் சேர்ந்துகொண்டார். ஜான்சன் கோபமடைந்தார். டெல்லியிலிருந்த அவருடைய தூதர் செஸ்டர் பௌல்ஸே தானியத்தை அனுப்பும்படி மன்றாட வேண்டியிருந்தது. பீகார் வறண்டு கிடந்த வேளையில் பசியை வைத்துப் பேரம் பேசியது பெரும் அநியாயம். வியட்நாம் பற்றிய இந்தியாவின் நிலையும் மாறவில்லை.